நான்கு தங்கம், யாரும் திரும்பிப் பார்க்காத முகம்: சுவிஸ் கர்லிங் கூடங்களின் வழியே

ஜனவரி 13, 2025, திங்கள். சூரிக்

சூரிக்கில் இன்று சூரியன் இல்லை. ஜனவரியில் ஆல்ப்ஸுக்கும் ஜூரா மலைக்கும் இடைப்பட்ட தாழ்நிலத்தில் குளிர்காற்று தேங்கி நிற்கும். அதன்மேல் சாம்பல் நிற மேகம் படிந்து நாள்கணக்கில் விலகாது. பகல் பதினொரு மணிக்கும் டிராம்கள் விளக்கெரித்துத்தான் ஓடுகின்றன. வெப்பநிலை பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே. ஒரு காப்பி 5 ஃபிராங்க் 20, நம் பணத்தில் ஏறக்குறைய ஐந்நூறு ரூபாய். கூடவே ஒரு சின்ன சாக்லெட் துண்டு வைக்கிறார்கள்.

சில்வானா டிரின்சோனி பிறந்தது இந்த ஊரில், 1979இல். பனித்தளத்தில் கற்களை இலக்கு நோக்கிச் சறுக்கிவிடும் ஆட்டமான கர்லிங்கில், மகளிர் உலகப் போட்டியை 2019, 2021, 2022, 2023 என்று ஒரே அணித்தலைவியாகத் தொடர்ந்து நான்கு முறை வென்றவர். 2020இல் கொரோனாவால் போட்டியே நடக்கவில்லை. ஆகவே நடந்த போட்டிகளில் ஒன்றைக்கூட இடையில் விடவில்லை. இதில் 2022, 2023 இரண்டிலும் தலா பதினான்கு ஆட்டங்கள் ஆடி, எல்லாவற்றையும் வென்று, தோல்வியே இல்லாமல் கோப்பையைத் தூக்கினார்கள். மட்டைப்பந்தில் இப்படியொரு சாதனை நடந்திருந்தால் நம் ஊரில் தெருவுக்குப் பெயர் வைத்திருப்பார்கள்.

விடுதி வரவேற்பில் இருந்த இளைஞரிடம் பெயரைச் சொன்னபோது ஒரு கணம் யோசித்தார். "கர்லிங்... ஆமாம், ஒலிம்பிக்கில் பார்ப்போம்" என்றார். ஃபெடரரையும் பனிச்சறுக்கு வீரர் மார்கோ ஓடர்மாட்டையும் பற்றிக் கேட்டால் அரைமணி நேரம் பேசக்கூடியவர். அவர் தவறு ஒன்றும் இல்லை. சுவிஸ் தொலைக்காட்சியில் கர்லிங் பெரிதாக வருவது நான்கு ஆண்டுக்கு ஒருமுறைதான்.

இந்த நாட்டின் பெண்கள் அணிகள் கர்லிங்கில் செய்திருப்பதை வேறெந்த நாடும் அண்மையில் செய்யவில்லை. 2012 முதல் 2024 வரை பன்னிரண்டு உலகப் போட்டிகள் நடந்தன. எட்டில் சுவிட்சர்லாந்துக்குத் தங்கம்: 2012இல் மிரியம் ஓட், 2014இலும் 2016இலும் பினியா ஃபெல்ட்ஷர், 2015இல் அலினா பேட்ஸ், பிறகு டிரின்சோனியின் நான்கு. தொண்ணூறு லட்சம் பேர் வாழும் நாடு. கர்லிங்கின் வல்லரசான கனடாவில் ஆடுபவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இங்கே ஆடுபவர்கள் சிறுபான்மை.

ஜனவரி 14, செவ்வாய். ஆராவ்

சூரிக்கிலிருந்து ரயிலில் அரைமணிக்குள் ஆராவ். டிரின்சோனி அணியின் கிளப் இந்த ஊரின் பெயரில்தான் பதிவாகியிருக்கிறது. பழைய நகரத்தில் நடக்கும்போது தலையை உயர்த்திப் பார்க்க வேண்டும்: வீடுகளின் கூரை தெருப்பக்கம் நீண்டிருக்கும், அந்த நீட்டத்தின் அடிப்பக்கத்தில் பூக்களும் கொடிகளும் வண்ணத்தில் தீட்டியிருப்பார்கள். 1798இல் ஹெல்வெட்டியக் குடியரசின் முதல் தலைநகராகச் சில மாதம் இருந்த ஊர். ஐன்ஸ்டைன் பள்ளிப்படிப்பை முடித்ததும் இங்கேதான்.

இந்த மாநிலம் காரட்டுக்குப் பேர்போனது. காரட் கேக்கில் மாவு மிகக் குறைவு. துருவிய காரட்டும் அரைத்த பாதாமும் ஏறக்குறைய சம அளவு, முட்டையின் வெள்ளையைத் தனியே நுரைத்துக் கடைசியில் கலக்கிறார்கள், மேலே எலுமிச்சை சேர்த்த சர்க்கரைப் பூச்சு. சுட்ட அன்று சாப்பிடக்கூடாதாம், ஒருநாள் ஊறினால்தான் ஈரம் சீராகப் பரவும் என்று கடைக்கார அம்மா கண்டிப்பாகச் சொன்னார். ஒரு துண்டு 6 ஃபிராங்க் 50. விலைக்கு உரிய பண்டம்தான்.

மாலையில் கர்லிங் கூடம். இங்கே கூடங்களுக்கு ஒரே அமைப்பு: ஒரு பக்கம் பனித்தளங்கள், நடுவே பெரிய கண்ணாடிச் சுவர், மறுபக்கம் உணவகம். சூப்பைக் குடித்துக்கொண்டே ஆட்டம் பார்க்கலாம். நுழைவுக் கட்டணம் கிடையாது. வெளியே போட்ட காலணியோடு பனித்தளத்தில் கால் வைக்க மட்டும் அனுமதி இல்லை, அதில் விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள். காரணம் உண்டு. ஒரு மணல் துகளோ துடைப்பத்தின் நார் ஒன்றோ கல்லுக்கு அடியில் மாட்டினால், சரியாகப் போய்க்கொண்டிருந்த கல் சட்டென்று ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றுவிடும். வீசியவர் பிழை எதுவும் இல்லாமலே ஒரு எண்ட், அதாவது ஆட்டத்தின் ஒரு சுற்று, போய்விடும்.

விளையாட்டை அறியாதவர்களுக்கு அளவுகள். பனித்தளம் ஏறக்குறைய 45 மீட்டர் நீளம், அதிகபட்சம் 5 மீட்டர் அகலம். இலக்கு வட்டத்துக்கு ஹவுஸ் என்று பெயர், வெளிவட்டத்தின் ஆரம் 1.83 மீட்டர். கல் கிரானைட், எடை 17.24 கிலோவிலிருந்து 19.96 கிலோவுக்குள். அணிக்கு நால்வர், ஒவ்வொருவரும் ஒரு எண்டில் இரண்டு கல். இரு அணியும் சேர்ந்து பதினாறு கல் விட்டதும், நடுப்புள்ளிக்கு மிக அருகே யாருடைய கல் இருக்கிறதோ அவர்களுக்கே புள்ளி. எதிரணியின் சிறந்த கல்லைவிட உள்ளே இருக்கிற ஒவ்வொரு கல்லுக்கும் ஒன்று. உலகப் போட்டியில் பத்து எண்ட். கடைசிக் கல் யார் கையில் இருக்கிறதோ அவர்களிடம் ஹேமர் இருக்கிறது என்பார்கள். புள்ளி எடுத்தவர் அடுத்த எண்டில் ஹேமரை இழப்பார். அதனால் ஒரே ஒரு புள்ளிதான் கிடைக்கும் என்றால், அதை எடுக்காமல் எல்லாக் கல்லையும் வெளியே தள்ளிவிட்டு ஹேமரைத் தக்கவைத்துக்கொள்வதும் உண்டு.

பனி கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வழுவழுப்பான பனியில் கல் பாதிவழியில் நின்றுவிடும். உப்பு நீக்கிய நீரை வெதுவெதுப்பாக்கி, முதுகில் மாட்டிய கலத்திலிருந்து தளம் முழுக்கத் துளித்துளியாகத் தூவுகிறார்கள். துளிகள் உறைந்து சின்னச் சின்ன மேடுகளாகின்றன. பிறகு ஒரு பிளேடால் மேடுகளின் நுனியைச் சீராகச் சீவுகிறார்கள். கல்லின் அடிப்பாகம் குழிந்திருக்கும். சில மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு வளையம் மட்டும்தான் இந்த மேடுகளைத் தொடும். ஆட்டம் போகப் போக மேடுகள் தேயும், கல்லின் வேகமும் வளைவும் மாறிக்கொண்டே இருக்கும். இந்த மாற்றத்தை முதலில் கண்டுபிடிக்கிற அணி பாதி ஆட்டத்தை வென்றதுபோல்தான்.

இன்று உள்ளூர் லீக். எழுபதைத் தாண்டிய ஒருவர், முழங்கால் ஒத்துழைக்காததால் கல்லைக் கோலால் தள்ளி விளையாடிக்கொண்டிருந்தார். தொடங்குமுன் எதிரணியின் நால்வரோடும் கைகுலுக்கி "குவெட் ஷ்டை" என்று வாழ்த்தினார். ஆட்டம் முடிந்ததும் மறுபடி கைகுலுக்கல். பிறகு வென்ற அணி தோற்ற அணிக்கு முதல் சுற்றுப் பானம் வாங்கித் தந்தது. நடுவரே இல்லை. தன் துடைப்பம் கல்லில் பட்டுவிட்டதென்று ஒருவர் தானாகவே கை தூக்கிச் சொல்லி, அந்தக் கல்லை எடுத்து ஓரம் வைத்தார்.

கோலால் ஆடிய அந்தப் பெரியவரிடம்தான் டிரின்சோனி பற்றிப் பேச்சு வந்தது. இந்தக் கண்ணாடிக்குப் பின்னால் எல்லோருக்கும் அவரைத் தெரியும், அவருடைய எந்த ஆட்டத்தில் எந்த எண்டில் என்ன நடந்தது என்பதுவரை தெரியும். பெரியவர் மேசையில் இருந்த காப்பிக் கோப்பைகளை நகர்த்தி வைத்து விளக்கியது இதுதான்:

பெரும்பாலான அணிகளில் ஸ்கிப் என்கிற தலைவரே கடைசி இரண்டு கல்லையும் விடுவார். 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் டிரின்சோனியின் அணி அரையிறுதிக்கு வரவில்லை. அதன்பிறகு அவர் புது அணி கட்டினார். ஏற்கெனவே தானே தலைவியாக 2015 உலகத் தங்கம் வென்றிருந்த அலினா பேட்ஸ் உள்ளே வந்தார். கடைசிக் கல்லை பேட்ஸிடம் கொடுத்துவிட்டு, டிரின்சோனி மூன்றாம் இடத்தில் வீச ஆரம்பித்தார். தலைமை மட்டும் அவரிடம்.

இதனால் என்ன லாபம்? கடைசிக் கல்லின்போது ஸ்கிப் வீசப் போய்விட்டால், மறுமுனையில் நின்று கோடு பார்ப்பவர் வேறொருவர். இந்த அணியில் ஆட்டம் முழுக்கப் பனியின் வளைவைப் படித்த அதே கண்தான் கடைசிக் கல்லுக்கும் ஹவுஸில் நிற்கிறது. வேகத்தைத் துல்லியமாக அடக்கும் கை பேட்ஸுடையது, எந்த ஷாட் என்ற முடிவு டிரின்சோனியுடையது. டிரின்சோனி வீசும்போது பேட்ஸ் ஹவுஸில் துடைப்பம் பிடிப்பார். இருவருமே தலைவிகளாக இருந்து பழகியவர்கள் என்பதால் ஒருவர் கண் தவறவிட்டதை மற்றவர் பிடித்துவிடுவார். கோப்பையைக் கையில் வாங்கும் கடைசி ஷாட்டைத் தன்னைவிடத் திறமையாக விடக்கூடியவர் இன்னொருவர் என்று ஒப்புக்கொள்ள ஒரு சாம்பியனுக்கு எவ்வளவு தெளிவு வேண்டும்! நான்கு தங்கத்துக்கும் அடிக்கல் இந்த முடிவுதான் என்பதில் ஐயமே இல்லை.

ஜனவரி 15, புதன். பீல்

ஏரிக்கரை ஊர். பிஸ் என்று அழைக்கிற வடகிழக்குக் காற்று முகத்தை அறுக்கிறது. வெப்பமானி காட்டுவது −2, உடம்புக்குத் தெரிவது −10. தெருப்பலகைகள் எல்லாம் ஜெர்மனிலும் பிரெஞ்சிலும். கடையில் எந்த மொழியில் தொடங்குகிறோமோ அதிலேயே பதில்.

சுவிஸ் கர்லிங்கின் தேசியப் பயிற்சி மையம் இங்கே, 2015இல் திறந்த டிஸ்ஸோ அரங்கத்தில். கால்பந்து மைதானம், ஐஸ் ஹாக்கி அரங்கம், கர்லிங் கூடம் எல்லாம் ஒரே வளாகத்தில். கர்லிங் கூடத்தின் நுழைவாயிலைக் கண்டுபிடிக்க வளாகத்தைச் சுற்றி நிறைய நடக்க வேண்டும். காற்றுக்கு எதிராக நடப்பது எளிதில்லை.

உயர்மட்டப் பயிற்சி பார்ப்பதற்கு மிக அமைதியானது. ஒருவர் கல் விடுகிறார், இன்னொருவர் கையில் நிறுத்தக் கடிகாரம். வீசும் பக்கத்தில் ஹவுஸின் பின்கோட்டிலிருந்து, கல்லைக் கைவிட வேண்டிய எல்லையான ஹாக் கோடு வரை கல் வர எடுக்கும் நேரம்தான் வேகத்துக்கு அளவுகோல். நடுவில் போய் நிற்க வேண்டிய கல்லுக்கு மூன்றரை நொடிக்குச் சற்று மேல். 0.05 நொடி வித்தியாசமே நிற்கும் இடத்தைக் கணிசமாக மாற்றிவிடும். துடைப்பவர்கள் அந்த எண்ணை மனத்தில் வாங்கியபடியே ஓடுகிறார்கள். துடைத்தால் பனியின் மேற்பரப்பு மிகச் சிறிதளவு சூடாகும், உராய்வு குறையும், கல் கூடுதலாகப் போகும், வளைவது தள்ளிப்போகும். நல்ல ஜோடி ஒரு கல்லை இரண்டு மூன்று மீட்டர் தூரம் கூடுதலாக இழுத்துப்போகும்.

அடிக்கடி நடக்கும் தவறு கைப்பிடியில். கல்லை விடும்போது மெல்லச் சுழற்ற வேண்டும், போய்ச் சேருவதற்குள் இரண்டரை முதல் மூன்றரைச் சுற்று. சுழற்சி குறைந்தால் கல் எந்தப் பக்கம் வளையும் என்றே சொல்ல முடியாது. கூடினால் வளையாமல் நேரே ஓடும். விரல் விடுபடும் நொடியில் கை சற்றுத் தள்ளிவிட்டாலும் கல் கோட்டை விட்டு விலகிவிடும். இருபது ஆண்டு ஆடியவர்களும் தினம் பயில்வது இந்த விடுவிப்பைத்தான்.

மதிய உணவு ஒன்றரை மணிக்கு மேல் கிடைக்கவில்லை. சமையலறையை மூடிவிடுகிறார்கள், கேட்டால் பணிவோடு மறுக்கிறார்கள். ஊருக்குள் ஒரு உணவகத்தின் பின்வாசலில் புகைக்க நின்றவர் தமிழ்ப் பேச்சு கேட்டுத் திரும்பினார். யாழ்ப்பாணத்துக்காரர், அங்கே சமையல் வேலை. "அண்ணை, சாப்பிட்டாச்சோ? உள்ளுக்கு வாங்கோ, சோறு கிடக்கு" என்று ஊழியர்களுக்கு வைத்திருந்த சோறும் பருப்பும் போட்டார், காசு வாங்க மறுத்துவிட்டார். கர்லிங் பற்றிக் கேட்டதும் சிரித்தார். "அந்தக் கல்லுத் தள்ளுற விளையாட்டோ? என்ர மகள் பள்ளிக்கூடத்தால போய் விளையாடினவள். நல்லாப் பிடிச்சுப் போச்சு அவளுக்கு." டிரின்சோனியின் பெயர் அவருக்குத் தெரியவில்லை, மகளுக்குத் தெரிந்திருக்கும் என்றார்.

ஜனவரி 16, வியாழன். மாக்லிங்கன்

பீலிலிருந்து கயிற்று ரயில் பத்து நிமிடத்துக்குள் மேலே ஏற்றிவிடுகிறது. பாதிவழியில் சாம்பல் கிழிந்து நீலவானம். கீழே தாழ்நிலம் முழுக்க வெண்பனிக் கடல், அதற்கு அப்பால் ஆல்ப்ஸ் வரிசை முழுசாக. இதற்காகவே உள்ளூர் முதியவர்கள் முதல் வண்டியில் ஏறி மேலே வந்து பெஞ்சுகளில் வெயில் காய்கிறார்கள்.

இங்கே இருப்பது கூட்டாட்சி அரசின் விளையாட்டு மையம். ராணுவச் சேவை கட்டாயமான நாடு இது. உயர்மட்ட விளையாட்டு வீரர்கள் தங்கள் அடிப்படைப் பயிற்சிக் காலத்தை இங்கே விளையாட்டுப் பயிற்சியோடு சேர்த்து முடிக்க வழி செய்திருக்கிறார்கள். பெண்களும் விரும்பிச் சேரலாம். கர்லிங்போல் வருமானம் குறைந்த விளையாட்டுக்கு இது பெரிய கை.

டிரின்சோனியின் தலைமுறை வேறு மாதிரி வளர்ந்தது. 1999இல் ஓஸ்டர்சுண்டில் ஜூனியர் உலகத் தங்கம் வென்ற அணிக்கு அவர்தான் தலைவி. அப்போது வயது பத்தொன்பது. அடுத்த உலகத் தங்கம் 2019இல், டென்மார்க்கின் சில்கபோர்கில். இடையில் இருபது ஆண்டு. வேலை பார்த்தபடியே ஆடினார். தன் நாட்டுக்குள்ளேயே ஓட், ஃபெல்ட்ஷர், பேட்ஸ் என்று உலகச் சாம்பியன்கள் வரிசை கட்டி நின்றார்கள். அவர்களைத் தாண்டித்தான் உலகப் போட்டிக்கே போக முடியும். சுவிஸ் தேசியப் போட்டியை வெல்வது உலகப் போட்டியை வெல்வதைவிடக் கடினம் என்று கூடங்களில் சொல்வதில் உண்மை இருக்கிறது.

அந்த 2019 இறுதி, ஒலிம்பிக் சாம்பியன் அன்னா ஹாசெல்போர்கின் ஸ்வீடன் அணியோடு. பத்து எண்டில் முடியாமல் கூடுதல் எண்டில் 8-7. அன்று டிரின்சோனிக்கு வயது முப்பத்தொன்பது. 2021இல் கால்கரியில் பார்வையாளர் இல்லாத அரங்கில் ரஷ்ய அணியை 4-2.

2022 பிப்ரவரியைத்தான் மறக்க முடியாது. பெய்ஜிங் ஒலிம்பிக்கின் முதல் சுற்றில் ஒன்பதில் எட்டு வெற்றி, பட்டியலில் முதலிடம். அரையிறுதியில் ஜப்பானிடம் தோல்வி, வெண்கல ஆட்டத்தில் ஸ்வீடனிடம் 9-7. நான்காம் இடம், பதக்கமே இல்லை. ஒரு மாதம் கழித்து அதே அணி, பேட்ஸ், டிரின்சோனி, எஸ்தர் நோயன்ஷ்வாண்டர், மெலனி பார்பெஸா, கனடாவின் பிரின்ஸ் ஜார்ஜில் பதினான்கு ஆட்டத்திலும் வென்று திரும்பியது. நாட்டு மக்கள் பார்த்தது ஒலிம்பிக் தோல்வியை. வெற்றியைப் பார்த்தது கர்லிங் மக்கள். டிரின்சோனிக்குப் பெயர் வந்து சேராததற்கு முக்கியக் காரணம் இந்த நாட்காட்டிதான் என்று படுகிறது.

மாலை நான்கரைக்கு வெயில் இறங்கியதும் கயிற்று ரயில் மறுபடி சாம்பலுக்குள்.

ஜனவரி 18, சனி. ஆர்லஸ்ஹைம்

பாசெல் நகரிலிருந்து 10ஆம் எண் டிராம். வட்டாரக் கர்லிங் மையம் இங்கே. இலையுதிர் காலத்தில் உலகின் முன்னணிப் பெண்கள் அணிகள் வந்து ஆடும் போட்டியும் இதே கூடத்தில்தான். மகளிர் உலகப் போட்டி முதன்முதலில் 1979இல் ஸ்காட்லாந்தின் பெர்த்தில் நடந்தபோது தங்கம் வென்றது பாசெல்காரர் காபி காசனோவா தலைமையில் போன அணி. டிரின்சோனி பிறந்த அதே ஆண்டு.

மதியம் உணவகம் நிரம்பி வழிந்தது. பனித்தளத்தில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தாலும் எல்லாத் தலையும் சுவரில் இருந்த தொலைக்காட்சியை நோக்கி. வெங்கனில் லாவ்பெர்ஹோர்ன் பனிச்சறுக்குச் சரிவோட்டம். நாலரைக் கிலோமீட்டர் நெருங்கும் பாதை, உலகக் கோப்பையிலேயே மிக நீளமானது. ஓடர்மாட் முதலிடம், ஃபிரான்யோ ஃபான் ஆல்மென் இரண்டாமிடம், இருவரும் சுவிஸ். கத்தல், கைதட்டல், தெரியாத மேசைக்காரரும் கோப்பையை மோதிக்கொண்டார். பிறகு ஒவ்வொருவராகத் திரும்பித் தங்கள் சூப்பையும் கண்ணாடிக்கு அப்பால் இருந்த கற்களையும் கவனிக்க ஆரம்பித்தார்கள்.

மாவு சூப் பாசெலின் சிறப்பு. கோதுமை மாவை எண்ணெய் இல்லாமல் பழுப்பாக வறுத்து, வெண்ணெயில் வதக்கிய வெங்காயத்தோடும் சாற்றோடும் நீண்டநேரம் கொதிக்கவிட்டு, மேலே சீஸ் துருவிப் போடுகிறார்கள். சாறு பெரும்பாலும் மாட்டிறைச்சியுடையது, சைவர்கள் கேட்டுக்கொள்வது நல்லது. ஒரு கிண்ணம் 12 ஃபிராங்க்.

அடுத்த மேசையில் ஒரு குடும்பம். அப்பாவுக்கு 1998 நகானோ இறுதி ஆட்டத்தின் ஒவ்வொரு எண்டும் நினைவிருந்தது. கர்லிங் முழு ஒலிம்பிக் பதக்க விளையாட்டாக வந்த அந்த ஆண்டில், பாட்ரிக் ஹுர்லிமான் தலைமையில் சுவிஸ் ஆண்கள் கனடாவை 9-3 என்று நொறுக்கினார்கள். அந்த ஹுர்லிமானின் மகள் ப்ரையர் ஷ்வால்லர்-ஹுர்லிமான் 2023இல் சாண்ட்விகனில் டிரின்சோனியின் அணியில் ஆடி உலகத் தங்கம் வென்றார். இறுதியில் நார்வேயோடு 6-3. பேட்ஸின் அண்ணன் தம்பி உறவும் இப்படித்தான்: சகோதரர் கிளாவ்டியோ பேட்ஸ் 2018 ஒலிம்பிக்கில் ஆண்கள் அணியோடு வெண்கலம் பெற்றவர். சின்னக் கூடங்களில் குடும்பம் குடும்பமாக வளர்கிற ஆட்டம் இது. பெயர்கள் செய்தித்தாளைவிட இந்த மேசைகளின் வழியாகத்தான் பரவுகின்றன.

அங்கே புதியவர்களுக்கு அறிமுகப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. சுவிஸ் கூடங்களில் பொதுவாக ஆளுக்கு 30 முதல் 40 ஃபிராங்க், கல்லும் துடைப்பமும் காலுக்கு மாட்டும் வழுக்கு அட்டையும் அவர்களே தருகிறார்கள். சுத்தமான ரப்பர் அடிக் காலணியும் நீளும் தன்மையுள்ள காற்சட்டையும் நம் பொறுப்பு. ஜீன்ஸ் ஆகாது, மண்டியிட்டுச் சறுக்கும்போது மடங்காது. கூடத்தின் உள்ளே ஐந்தாறு டிகிரிதான். கையுறை மெல்லியதாக இருக்கட்டும்.

ஜனவரி 19, ஞாயிறு. ரயிலில்

சூரிக்கிலிருந்து கூர் போகும் வண்டி நிற்க இடமில்லாமல் நிறைந்திருந்தது. நாளை டாவோஸில் உலகப் பொருளாதார மன்றம் தொடங்குகிறது. லாண்ட்குவார்ட்டில் மேல்கோட்டும் கழுத்தட்டையுமாகப் பெருங்கூட்டம் இறங்கி மாறியது, நடைமேடையில் காவலர்கள். டாவோஸ் கிளப்பையும் பார்க்கும் எண்ணம் இதனால் நிறைவேறவில்லை. இந்த வாரம் அங்கே அறை வாடகை சாதாரண ஆட்கள் கேட்கக்கூடிய எண்ணாக இல்லை.

அந்தக் கிளப்பின் பெயரில் ஆடியவர் மிரியம் ஓட். 2002 சால்ட்லேக் ஒலிம்பிக்கில் லூசியா எப்னோதரின் அணியில் துணைத்தலைவி. இறுதியில் ஸ்காட்டியர் ரோனா மார்ட்டினின் கடைசிக் கல்லில் 4-3 என்று தங்கம் கைநழுவியது. 2006 டுரினில் தானே தலைவி; கூடுதல் எண்டில் ஸ்வீடனின் அனெட் நோர்பெர்க் கடைசிக் கல்லால் இரண்டு சுவிஸ் கற்களை ஒருசேர வெளியேற்ற, 7-6. இரண்டு வெள்ளி, இரண்டும் எதிராளியின் கடைசிக் கல்லால். 2010இலும் 2014இலும் நான்காம் இடம். இதற்கு நடுவே 2012இல் லெத்பிரிட்ஜில் உலகத் தங்கம். அப்போது மாற்று வீராங்கனையாக அணியில் இருந்தவர் இளம்பெண் அலினா பேட்ஸ். ஓட்டிடமிருந்து பேட்ஸ், பேட்ஸோடு டிரின்சோனி என்று அறிவு கைமாறி வந்திருக்கிறது.

கூரிலிருந்து அல்புலா மலை ரயில். இரண்டு மணி நேரம், சுருள் சுரங்கங்கள், பாலங்கள். ஜன்னலைத் திறக்கிற பெட்டி கிடைத்தது, எல்லோரும் படமெடுக்கத் திறந்து வைத்ததில் விரல் மரத்துப்போனது.

ஜனவரி 20, திங்கள். சென் மோரிட்ஸ்

காலை −14. வெயில் கண்ணைக் கூசவைக்கிறது. சுவிட்சர்லாந்தில் கர்லிங் தொடங்கியது இந்த ஊரில், 1880இல், குளிர்காலத்துக்குத் தங்க வந்த பிரிட்டிஷ் விருந்தினர்கள் கொண்டுவந்த கற்களோடு. கூல்ம் விடுதியை ஒட்டி இன்றும் திறந்தவெளியில் இயற்கைப் பனித்தளம் போடுகிறார்கள்.

குளிரூட்டும் குழாய் இல்லை. இரவில் தண்ணீரைத் தெளித்து, அது உறைந்தபின் மறுபடி தெளித்து, அடுக்கடுக்காக ஏற்றுகிறார்கள். காலையில் நிழலில் இருக்கும் பகுதி வேகமாகவும் வெயில் பட்ட பகுதி மந்தமாகவும் ஓடும். காற்றில் ஈரம் இருந்தால் துளிமேடுகளின்மேல் உறைபனி முளைத்துக் கல்லைப் பிடித்து நிறுத்தும். துடைத்தால் ஒழியப் போகாது. மதியத்துக்குமேல் மேற்பரப்பு இளகும். ஒரே தளத்தில் ஒரே நாளில் மூன்று விதமான ஆட்டம். தொப்பியும் கம்பளிச் சட்டையும் அணிந்த நால்வர் ஒரு கல் நின்ற இடத்தைப் பற்றி நீண்டநேரம் வாதாடிவிட்டு, சிரித்துக்கொண்டே எதிரணிக்கு விட்டுக்கொடுத்தார்கள்.

பார்லி சூப் 16 ஃபிராங்க். காரட், செலரி, பொடியாக நறுக்கிய உலர்ந்த இறைச்சி, கடைசியில் பாலேடு. வால்நட் டார்ட் ஒரு துண்டு 7 ஃபிராங்க், சர்க்கரையைக் கருக்காமல் பொன்னிறத்தில் நிறுத்தத் தெரிந்தவர் செய்தது. பணியாளர் பெண் டிரின்சோனியை ஒருமுறை ரயிலில் பார்த்ததாகச் சொன்னார். பேசினீர்களா என்றால், "ஞாயிற்றுக்கிழமை, அவர் களைத்திருந்தார்" என்றார். புகழ்பெற்றவரைத் தொந்தரவு செய்யாமல் விடுவது இந்நாட்டு மரியாதை. அதை அலட்சியம் என்று நினைத்துவிடக்கூடாது.

உலகப் போட்டிகளில் அந்த அணி 42 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றது. 2024 மார்ச்சில் கனடாவின் சிட்னி என்ற ஊரில் தென்கொரியா அந்தத் தொடரை நிறுத்தியது. இறுதியில் ரேச்சல் ஹோமனின் கனடா 7-5. இவற்றையும் வரிசையாகச் சொன்னவர் இதே பணியாளர்தான், பில்லைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டே.

மார்ச் 24. சேர்க்கை

தென்கொரியாவின் உய்ஜொங்புவில் நேற்று முடிந்த உலகப் போட்டியில் மறுபடி கனடாவும் சுவிட்சர்லாந்தும் இறுதிக்கு வந்தன. ஹோமன் 7-3 என்று வென்றார். டிரின்சோனிக்கு வெள்ளி, நாற்பத்தைந்தாவது வயதில். பேட்ஸ் இன்னும் கடைசிக் கல்லை விடுகிறார். முதல் கற்களை விடும் இரண்டு இடங்களில் காரோல் ஹோவால்டும் செலினா விட்ஷோங்கேயும்.

போக நினைப்பவர்களுக்கு: பெரும்பாலான கூடங்களில் வசந்தம் தொடங்கியதும் பனியை உருக்கிவிடுவார்கள். கோடை முடிவில் பாடன் நகரத்துப் போட்டியோடு சீசன் மறுபடி தொடங்கும், இலையுதிர் காலத்தில் ஆர்லஸ்ஹைம். உலகின் முதல்நிலை அணிகளைச் சில மீட்டர் தொலைவில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சூப்போடு உட்கார்ந்து பார்க்கலாம். அறையை மட்டும் முன்பே பிடித்துவிடுங்கள்.